வாசற்கதவு எங்கே?

கோட்டுக்குள் அரசியல் – 9

பெரியம்மாவுக்கு எண்பத்தொரு வயது. ஆங்கிலம் தெரியாது. அமெரிக்கா என்றால் அவருக்குப் பேரன் வேலை பார்க்கும் டல்லாஸ், அவ்வளவுதான். போன மாதம் மன்னார்குடிக்குப் போனபோது இரண்டு கார்ட்டூன்களைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு எடுத்துப் போயிருந்தேன். படத்துக்குக் கீழே இருந்த வாசகத்தை மடித்து மறைத்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்திருந்தவரிடம் நீட்டினேன். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கார்ட்டூன் புரியும் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். அது நிஜம்தானா என்று பார்க்க ஓர் ஆசை.

முதல் படத்தில் ஒரு நீண்ட சாப்பாட்டு மேஜை, அதைச் சுற்றி ஏகப்பட்ட ஆட்கள். பெரியம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "கல்யாணப் பந்தியாட்டம் இருக்கு. ஆனா ஒரே சாதிசனம் இல்ல, பல தினுசு ஆளுங்க. இந்த ஓரத்துல நின்னு கறிய அறுக்குறாரு பாரு, அவருதான் வீட்டுக்காரரு" என்றார். முழு மதிப்பெண் போடலாம்.

இரண்டாவது படத்திலும் சாப்பாட்டு மேஜைதான். ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் விருந்துக்குத் தயாராக இருக்கிறது. மாநிறத்துக் குடும்பம் ஒன்று ஜன்னல் வழியாக உள்ளே ஏறிக்கொண்டிருக்கிறது. பெரியம்மா கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். "ஏன்டா, இவங்க எதுக்கு ஜன்னல் ஏறி வர்றாங்க? வாசக்கதவு என்னாச்சு?"

நானும் படத்தில் தேடினேன். கதவைக் காணோம்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி அமெரிக்கக் குடியேற்றக் கார்ட்டூன்களில் நூற்றைம்பது வருடம் பின்னோக்கிப் போய்வந்ததுதான் இந்த வாரக் கட்டுரை.

*

மழித்த மீசை

ஜன்னல் படத்திலிருந்து தொடங்குவோம். வரைந்தவர் கேரி வார்வெல். வெளியிட்டது 'இண்டியானபொலிஸ் ஸ்டார்' நாளிதழ், 2014 நவம்பரில். அந்த மாதம் 20ஆம் தேதிதான் அதிபர் ஒபாமா தொலைக்காட்சியில் தோன்றி, ஆவணம் இல்லாமல் நாட்டில் வாழும் லட்சக்கணக்கானவர்களை வெளியேற்றுவதைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் உத்தரவை அறிவித்தார். அடுத்த வாரம் தேங்க்ஸ்கிவிங். நம் பொங்கல் மாதிரி அமெரிக்காவில் குடும்பம் கூடிச் சாப்பிடும் நாள். ஜனாதிபதியின் புண்ணியத்தில் இந்த வருடம் விருந்துக்குக் கூடுதல் ஆட்கள் வருகிறார்கள் என்று வெள்ளைக்கார அப்பா கசப்போடு சொல்வதாக வாசகம்.

படம் இணையத்தில் ஏறியதும் கண்டனம் குவிந்தது. பத்திரிகை முதலில் செய்த காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஜன்னல் ஏறுகிறவர் முகத்தில் இருந்த மீசையை அழித்துவிட்டு, அதே படத்தைத் திரும்பப் போட்டார்கள்! அதற்கும் எதிர்ப்பு அடங்கவில்லை என்றதும் படத்தையே எடுத்துவிட்டு ஆசிரியர் விளக்கம் எழுதினார். எந்த இனத்தையும் புண்படுத்துவது கார்ட்டூனிஸ்ட்டின் நோக்கம் இல்லை என்றார்.

மீசையை அழித்தவர் ஏன் அழித்தார் என்று யோசித்துப் பாருங்கள். அமெரிக்கக் கார்ட்டூன் மொழியில் அடர்ந்த மீசை என்றால் மெக்ஸிகோக்காரர். மீசையை எடுத்துவிட்டால் 'யாரோ ஒருவர்' ஆகிவிடுவார், பிரச்சினை தீர்ந்துவிடும் என்று தோன்றியிருக்கும். ஆனால் படத்தின் வாதம் மீசையில் இல்லையே, ஜன்னலில் இருந்தது. ஜன்னல் ஏறி வருகிறவர் மழித்த முகத்தோடு வந்தாலும் திருடனாகத்தான் தெரிவார்.

வார்வெல் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். நாடாளுமன்றம் நிறைவேற்றாத ஒன்றை அதிபர் தன் கையெழுத்தால் மட்டும் செய்யலாமா என்பது அன்றைக்குப் பலர் கேட்ட நேர்மையான கேள்வி. அந்த ஜன்னலை ஒபாமாவின் குறுக்குவழி என்றும் வாசிக்கலாம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அந்த உத்தரவின் முக்கியப் பகுதி யாருக்குப் பொருந்தும்? 2010 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பிருந்தே அமெரிக்காவில் தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ ஆன ஒரு பிள்ளைக்கு அப்பாவாகவோ அம்மாவாகவோ இருக்க வேண்டும். அதாவது, கார்ட்டூனில் ஜன்னல் ஏறுவது போல இன்றைக்கு உள்ளே வருகிறவருக்கு அந்த உத்தரவால் காலணா பிரயோஜனம் கிடையாது. பிரயோஜனம் இருந்தவர்களோ ஐந்து வருடமாக அதே தெருவில் குடியிருந்தவர்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகளில் பலர் அந்த மண்ணிலேயே பிறந்த அமெரிக்கர்கள், அந்தப் பந்தியில் இலை போட உரிமை உள்ளவர்கள். உத்தரவும் கடைசிவரை அமலுக்கு வரவில்லை. டெக்சஸ் நீதிமன்றம் 2015இல் தடை போட்டது. உச்ச நீதிமன்றம் 2016இல் நான்குக்கு நான்கு என்று பிளந்து நின்றதால் தடை அப்படியே நிலைத்தது.

ஒரு தேதியைப் பற்றிய உத்தரவு, கார்ட்டூனில் ஒரு ஜன்னலாகிவிட்டது. தமிழில் படத்தைச் சுற்றிப் போடுவதும் சட்டம், நாடாளுமன்றத்தில் போடுவதும் சட்டம். முதல் சட்டம் எப்படி இரண்டாவதை மறைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

*

முதலைகளும் பந்தியும்

பெரியம்மா கல்யாணப் பந்தி என்று சொன்ன படம் 145 வருடம் மூத்தது. 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' இதழில் 1869 நவம்பரில் தாமஸ் நாஸ்ட் வரைந்தது. இதுவும் தேங்க்ஸ்கிவிங் விருந்துதான். கறி அறுப்பவர் அங்கிள் சாம். எதிர் ஓரத்தில் கொலம்பியா, அமெரிக்காவின் அன்றைய தேவதை உருவம். அவள் பக்கத்தில் ஒரு கறுப்பினத்தவரும் ஒரு சீனரும். ஐரிஷ்காரர், ஜெர்மானியர், இத்தாலியர் என்று மேஜை நிறைய உலகம். சுவரில் லிங்கன், வாஷிங்டன் படங்கள், நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகள் வந்து இறங்கும் காசில் கார்டனின் சித்திரம். மூலைகளில் 'எல்லோரும் வாருங்கள்', 'சுதந்திரம், சமத்துவம்' என்ற பொருளில் எழுத்துகள்.

நாஸ்ட்டே ஒரு குடியேறி. ஜெர்மனியின் லாண்டாவில் பிறந்து ஆறு வயதில் நியூயார்க் வந்தவர். மரக்கட்டையில் பென்சிலால் தலைகீழாக வரைவார். செதுக்குகிறவர்கள் அந்தக் கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மீதியைக் குடைந்தெடுப்பார்கள். குடைந்த இடம் அச்சில் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. அந்தக் கோடுகளின் வலிமைக்கு நியூயார்க்கின் ஊழல் தலைவர் ட்வீட் சாட்சி. தப்பியோடியவரை ஸ்பெயினில் அடையாளம் காட்டிக் கொடுத்தது நாஸ்ட்டின் கார்ட்டூன்தான்.

ஆனால் அந்தப் பந்தியில் உட்கார்ந்த சீனருக்கு என்ன ஆயிற்று? அடுத்த வருடமே, 1870இல், குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதுவரை வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் 'சுதந்திர வெள்ளையர்' மட்டும்தான் குடியுரிமை பெற முடியும். ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் சேர்த்தார்கள். 'வெள்ளையர்' என்ற சொல்லையே எடுத்துவிடலாம் என்று செனட்டர் சம்னர் போராடித் தோற்றார். சீனரை விட்டுவிட்டார்கள். பந்தியில் உட்காரவைத்து இலையை எடுத்த கதை.

நாஸ்ட்டை மகானாக்கிவிடவும் வேண்டாம். சீனருக்காக 1871இல் கொலம்பியாவையே காவலுக்கு நிறுத்தி வரைந்த அதே கை, அதே வருடம் ஐரிஷ்காரரைக் குரங்கு முகத்தோடு, வெடிமருந்துப் பீப்பாய் மேல் ஏற்றி வரைந்தது. அதே வருடத்தில்தான் 'அமெரிக்காவின் கங்கை நதி' என்ற பிரபலமான கார்ட்டூனும் வந்தது. கத்தோலிக்கப் பிஷப்புகள் முதலைகளாகக் கரையேறுகிறார்கள். அவர்களின் மகுடங்களே திறந்த வாய்கள், பற்களோடு. கரையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடுங்குகிறார்கள். இதில் நம் கங்கை எங்கிருந்து வந்தது? இந்தியத் தாய்மார்கள் குழந்தைகளைக் கங்கையில் முதலைக்கு எறிகிறார்கள் என்று மிஷனரிகள் பரப்பிய கதை அன்றைய அமெரிக்க வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். பார்க்காத ஊரைப் பற்றிய புரளி ஒன்றை எடுத்து, பக்கத்து வீட்டு ஐரிஷ்காரர் மேல் போர்த்தினார் நாஸ்ட்.

*

பதினொரு கைகள்

கலிஃபோர்னியாவில் 'வாஸ்ப்' என்று ஒரு வார இதழ். குளவி என்று பொருள், கொட்டும். சான் ஃபிரான்சிஸ்கோவில் 1876இல் தொடங்கியவர்கள் கோர்பெல் சகோதரர்கள், பொஹீமியாவிலிருந்து வந்தவர்கள். சுருட்டுப் பெட்டிகளுக்கு வண்ண லேபிள் அச்சடித்த கல்லச்சில் கார்ட்டூனையும் அடித்தார்கள். கறுப்பு வெள்ளை மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பக்கம் நிறைய வண்ணம். முக்கிய ஓவியர் ஜார்ஜ் ஃபிரெடரிக் கெல்லர்.

லிபர்ட்டி சிலை நியூயார்க்கில் திறக்கப்பட்டது 1886இல். அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1881 நவம்பரில், கெல்லர் சான் ஃபிரான்சிஸ்கோ துறைமுகத்துக்கு ஒரு பதில் சிலையை வரைந்துவிட்டார். பீடத்தில் கந்தலுடுத்த சீனர், கையில் அபின் குழாய், காலடியில் மண்டையோடு. தலையிலிருந்து கிளம்பும் ஒளிக்கதிர்களில் அழுக்கு, நோய், ஒழுக்கக்கேடு, வெள்ளைத் தொழிலாளிக்கு நாசம் என்று எழுதியிருக்கும்.

அடுத்த படம் 1882 மார்ச். 'நம் பையன்களை என்ன செய்வது?' என்று தலைப்பு. ஒரு பக்கம் வேலையில்லாமல் தெருவில் நிற்கும் வெள்ளைக்கார இளைஞர்கள். மறுபக்கம் ஒரு சீனர். அவருக்குப் பதினொரு கைகள். ஒரு கை தைக்கிறது, ஒரு கை துணி தேய்க்கிறது, ஒரு கை சுருட்டு உருட்டுகிறது, இன்னொரு கை பண மூட்டையைச் சீனாவுக்கு அனுப்புகிறது.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தபோது கெல்லர் எதிர்பார்த்த பயம் வரவில்லை. பல கைகள் என்றால் நமக்குக் கும்பிடத்தானே தோன்றும். நம் கோயில் தூணில் ஒவ்வொரு கையும் ஒரு சக்தி. கெல்லரின் வாசகனுக்கோ ஒவ்வொரு கையும் பறிபோன ஒரு வேலை. ஒரு மனிதன் ஒரு வேலைதான் செய்ய முடியும் என்பதை மறக்கடித்து, ஆயிரம் பேரை ஒரே உடம்பில் ஒட்டிவைத்தது அந்தக் கோடு. அந்த ஆயிரம் பேருக்கும் கூலி கொடுத்த முதலாளி படத்தில் எங்கேயும் இல்லை.

படம் வந்த மார்ச்சில் நாடாளுமன்றம் சீனர் வருகையைத் தடுக்கும் மசோதாவை விவாதித்துக்கொண்டிருந்தது. மே 6ஆம் தேதி அதிபர் ஆர்தர் கையெழுத்திட்டார். ஓர் இனத்தின் தொழிலாளர்களைப் பெயர் சொல்லித் தடுத்த அந்தச் சட்டம் 1943 வரை உயிரோடு இருந்தது. எடுத்தபிறகு சீனர்களுக்குக் கிடைத்த கோட்டா எவ்வளவு தெரியுமா? வருடத்துக்கு 105 பேர்.

கெல்லருக்குக் கை என்றால், 'ஜட்ஜ்' இதழின் லூயிஸ் டால்ரிம்பிளுக்கு எலியும் அலையும். அவருடைய 1903 கார்ட்டூன் ஒன்றில் ஐரோப்பாவின் சேரிகளிலிருந்து குப்பை கொட்டுவது போல எலிகள் கொட்டுகின்றன. எலிகளுக்கு மனித முகம், மாஃபியா, அராஜகவாதி, சோஷலிஸ்ட் என்று பட்டம். மேலே ஆவி போல அதிபர் மெக்கின்லியின் முகம், இரண்டு வருடம் முன்பு சுட்டுக் கொல்லப்பட்டவர். அந்நியர்கள் என்ன செய்வார்கள் பார் என்று எச்சரிக்கை. சுட்ட சோல்காஷ் போலந்து நாட்டுப் பெற்றோரின் மகன், பிறந்ததோ அமெரிக்காவின் மிச்சிகனில். எந்தக் கப்பலிலிருந்தும் இறங்கியவன் இல்லை. அதே வருடம் டால்ரிம்பிள் வரைந்த இன்னொரு படத்தில் குடியேறிகள் பேரலையாக எழும்புகிறார்கள், அங்கிள் சாம் பாறையைப் பிடித்துத் தொங்குகிறார்.

அலை, வெள்ளம், படையெடுப்பு. இந்தச் சொற்கள் நமக்கும் அந்நியமில்லை. வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றிய நம் ஊர்ச் செய்திகளைப் புரட்டினால் தெரியும். அலைக்கு அணை கட்டலாம், எலிக்குப் பொறி வைக்கலாம். இரண்டோடும் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை.

*

புனலில் ஒளிந்த வருடம்

குடியேற்றச் சட்டத்தை ஓரளவு நேரடியாகவே வரைந்த கார்ட்டூன் ஒன்று 1921இல் வந்தது. ஹாலஹன் என்பவர் பிராவிடன்ஸ் நகரின் 'ஈவினிங் புல்லட்டின்' இதழுக்கு வரைந்தது. அமெரிக்கப் பாடப்புத்தகங்களில் இன்றைக்கும் இருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றும் புனலைக் கடல்மேல் படுக்கவைத்தது போலப் படம். வாய் ஐரோப்பாவில், அங்கே ஜனக்கூட்டம் நெரிகிறது. காம்பு அமெரிக்காவில், அங்கே அங்கிள் சாம் ஓர் அடைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அதில் 3 சதவீதம் என்று எழுதியிருக்கிறது. துளித்துளியாக ஆட்கள் இறங்குகிறார்கள்.

அந்த மே மாதம் சட்டமும் வந்தது. ஒவ்வொரு நாட்டிலிருந்தும், ஏற்கெனவே அமெரிக்காவில் இருக்கும் அந்நாட்டினரில் 3 சதவீதம் பேர்தான் வருடத்துக்கு வரலாம். கணக்குக்கு எடுத்தது 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. இதுவும் போதாது என்று 1924இல் திருத்தினார்கள். சதவீதத்தை 2 ஆக்கினார்கள். கூடவே கணக்கெடுப்பு வருடத்தை 1910இலிருந்து 1890க்கு மாற்றினார்கள். சூட்சுமம் இங்கேதான். 1890இல் அமெரிக்காவில் இங்கிலாந்துக்காரரும் ஜெர்மானியரும் ஏராளம், இத்தாலியரும் கிழக்கு ஐரோப்பிய யூதரும் கொஞ்சம். அவர்கள் பெருவாரியாக வந்தது அதற்குப் பிறகு. வருடத்தைப் பின்னுக்குத் தள்ளியதுமே அவர்கள் கணக்கிலிருந்து காணாமல் போனார்கள். இத்தாலியின் கோட்டா சுமார் 42,000இலிருந்து 3,845க்கு விழுந்தது. எந்த இனத்தின் பெயரையும் சொல்லாமல், நாட்காட்டியை மட்டும் திருப்பிவைத்துச் செய்த வேலை.

புனலை வரையலாம், 3 சதவீதத்தை எழுதலாம். வருடத்தை எப்படி வரைவது?

இங்கேதான் கார்ட்டூனுக்கும் சட்டத்துக்கும் உள்ள பேதம் எனக்குப் பிடிபட்டது. கார்ட்டூனுக்குத் தெரிந்தது இடம். உள்ளே, வெளியே, வேலி, ஜன்னல், கரை. சட்டம் விளையாடுவதோ காலத்தில். 1986இல் ரீகன் கையெழுத்திட்ட பொதுமன்னிப்பைப் பாருங்கள், அதன் முக்கியப் பகுதி 1982 ஜனவரி 1க்கு முன் வந்து தங்கியவர்களுக்கு. சுமார் 27 லட்சம் பேர் அதனால் சட்டபூர்வமானார்கள். சிறுவயதில் பெற்றோரோடு வந்தவர்களுக்கான 2012 பாதுகாப்பை எடுத்துக்கொள்ளுங்கள், 16 வயது நிரம்புமுன் வந்திருக்க வேண்டும், 2007 ஜூன் 15 முதல் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். ஒருநாள் பிந்தி வந்தவன் வெளியே. செனட் 2013 ஜூனில் 68க்கு 32 என்று நிறைவேற்றிய பெரிய சீர்திருத்த மசோதாவோ, ஆவணமில்லாத சுமார் ஒரு கோடியே பத்து லட்சம் பேரில் தகுதியானவர்களுக்குக் குடியுரிமை வரை ஒரு பாதை போட்டது. நீளம் 13 வருடம். கீழவை அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை.

அதே கண்ணோடு பெரியம்மாவின் கேள்விக்கு வருவோம். வாசற்கதவு எங்கே? இருக்கிறது, ஆனால் அதற்குள் ஒரு வரிசை. பெரிய படிப்போ தொழில்திறமையோ இல்லாத, அமெரிக்காவில் நெருங்கிய உறவும் இல்லாத கூலித் தொழிலாளிக்கு வேலை வழியாக நிரந்தரமாகக் குடியேற உள்ள பிரிவில் வருடத்துக்கு அதிகபட்சம் 10,000 இடங்கள், உலகம் முழுவதுக்கும் சேர்த்து. அதற்கும் முதலாளி ஒருவர் மனுப் போட வேண்டும். மெக்ஸிகோவில் இருக்கும் தம்பியை அமெரிக்கக் குடிமகனான அண்ணன் கூப்பிட்டால் இருபது வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். வேலை வழி கிரீன் கார்டுகள் மொத்தம் சுமார் 1,40,000. எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. சின்னஞ்சிறு நாட்டுக்கும் இந்தியாவுக்கும் ஒரே உச்சவரம்பு.

பெரியம்மாவின் பேரன் நிற்பது இந்த வரிசையில்தான். மாதாமாதம் விசா புல்லட்டின் வெளிவரும் நாளில் அவன் வீட்டில் பேச்சே இருக்காது. தான் வரிசையில் சேர்ந்த நாளான 'பிரயாரிட்டி டேட்'டை நோக்கி புல்லட்டின் தேதி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பான். சில மாதம் நகராது, சில மாதம் பின்னால்கூடப் போகும். அவனுடைய மூத்த பெண்ணுக்கு 21 வயதாவதற்குள் நகர்ந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவள் அப்பாவின் விண்ணப்பத்திலிருந்து கழன்றுவிடும் ஆபத்து உண்டு. வேலை வழிப் பிரிவில் அந்த 7 சதவீத வரம்பை எடுத்துவிட 2013 மசோதாவில் வழி இருந்தது. சென்னை, ஹைதராபாத் குடும்பங்கள் பல அந்த ஒரு வரிக்காகவே செனட் வாக்கெடுப்பை விழித்திருந்து பார்த்தன.

இந்தக் காத்திருப்பை ஒரு கட்டத்துக்குள் வரைந்துகாட்டச் சொல்லுங்கள். திணறுவார்கள். காத்திருக்கிற மனிதன் படத்தில் சும்மா உட்கார்ந்திருப்பவனாகத்தான் தெரிவான். ஜன்னல் ஏறுகிறவன் விறுவிறுப்பாக இருப்பான்.

*

ஓடிக்கொண்டே இருக்கும் குடும்பம்

விறுவிறுப்புக்கு ஒரு சாட்சி, கார்ட்டூனே அல்லாத ஒரு படம். மெக்ஸிகோ எல்லையை ஒட்டிய சான் டியாகோ நெடுஞ்சாலையில், இருட்டில் சாலையைக் குறுக்கே கடந்தவர்கள் வண்டியில் அடிபட்டுச் செத்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர்களை எச்சரிக்க ஒரு மஞ்சள் பலகை வைத்தார்கள். அப்பா முன்னால் குனிந்து ஓடுகிறார், அம்மா பின்னால், அவள் கையைப் பிடித்த சிறுமியின் சடைகள் காற்றில் பறக்கின்றன. வரைந்தவர் ஜான் ஹூட், போக்குவரத்துத் துறை ஓவியர். வியட்நாம் போரில் சண்டையிட்ட நவஹோ பழங்குடியினர். உயிரைக் காக்க வரைந்த நிழலுருவம் அது. கொஞ்ச நாளில் டீஷர்ட்டில் ஏறியது, சுவரொட்டியில் ஏறியது, குடியேறிகளை எதிர்ப்பவரும் ஆதரிப்பவரும் அதையே எடுத்துக்கொண்டார்கள். எல்லையில் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்த 2018இல், பிட்ஸ்பர்க் கார்ட்டூனிஸ்ட் ராப் ராஜர்ஸ் அந்தப் பலகையில் டிரம்ப்பைச் சேர்த்து, அவர் பிள்ளையைப் பறிப்பது போல வரைந்தார். அவருடைய பல கார்ட்டூன்களைப் பத்திரிகை அச்சிட மறுத்தது. ஜூனில் 25 வருட வேலை போனது.

கேலி சட்டமாகவே மாறிய விந்தையும் உண்டு. கலிஃபோர்னியாவில் 1994இல், ஆவணமில்லாதவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தைக்கூட மறுக்கும் முன்மொழிவு 187 வாக்கெடுப்புக்கு வந்தது. மெக்ஸிகோ வம்சாவளிக் கார்ட்டூனிஸ்ட் லாலோ அல்கராஸும் நண்பரும் அதைக் கிண்டலடிக்க ஒரு பொய்க் குழுவைக் கிளப்பினார்கள். 'நம்மை நாமே நாடுகடத்திக்கொள்வோம், வாருங்கள்' என்பது அவர்கள் கோஷம். 2012 தேர்தலில் மிட் ரோம்னி அதே சொல்லைத் தன் கொள்கையாகச் சிரிக்காமல் சொன்னார். 2025இல் அதற்கென்று அரசாங்கமே செல்போன் செயலி விட்டு, போகிறவர்களுக்கு ஆயிரம் டாலர் தருவதாகவும் அறிவித்தது. கார்ட்டூனிஸ்ட்டின் பிழைப்பில் மண் போடுவது என்றால் இதுதான்.

காலத்தை வரைய இன்னொரு வழியும் கண்டுபிடித்திருக்கிறார்கள், தொடர்கதையாக. அமெரிக்காவில் 2016 தேர்தல் நாளன்று வந்திறங்கிய ஒரு சிரிய அகதிக் குடும்பத்தை ஜேக் ஹால்பெர்ன் எழுத, மைக்கேல் ஸ்லோன் வரைய, 'நியூயார்க் டைம்ஸ்' பல வாரங்களாக வெளியிட்டது. வாடகை வீடு, வேலை தேடல், மிரட்டல், பள்ளிக்கூடம் என்று நகர்ந்தது கதை. பெரும்பாலும் ஒற்றைக் கட்டத்துக்கே வழங்கிவந்த தலையங்கக் கார்ட்டூனுக்கான புலிட்சர் பரிசை 2018இல் அதற்குக் கொடுத்தார்கள்.

*

நிழல்

ஒற்றைக் கட்டத்துக்குள்ளேயே காலத்தைக் கொண்டுவந்தவர் ஒருவர் உண்டு. முன்பு சொல்லவில்லை, பையில் மூன்றாவதாக ஒரு பிரின்ட்டும் வைத்திருந்தேன். அதையும் பெரியம்மாவிடம் கொடுத்தேன்.

'பக்' இதழ், 1893 ஜனவரி 11. வரைந்தவர் ஜோசஃப் கெப்ளர், வியன்னாவில் பிறந்து முப்பதை நெருங்கும் வயதில் அமெரிக்கா வந்தவர். கப்பலிலிருந்து இறங்கும் பலகையில் ஓர் ஏழைக் குடியேறி, மூட்டை முடிச்சோடு. கரையில் ஐந்து பணக்காரர்கள், பட்டுத் தொப்பியும் தொந்தியுமாக, கையை நீட்டி 'நில்' என்று தடுக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய நிழல்கள் விழுகின்றன. நிழலில் பட்டுத் தொப்பி இல்லை. கந்தல் கோட்டு, முதுகில் மூட்டை, நாட்டுப்புறத்து ஆள். எதிரே பலகையில் நிற்கிறவனின் அச்சு.

பெரியம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாசகத்தை மறைத்துத்தான் வைத்திருந்தேன். விரலை நிழல்மேல் வைத்துக் கேட்டார். "இது யாரு? இவங்க அப்பனுங்களா?"

"அப்பா, சில பேருக்கு அவங்களேதான். அந்தக் காலத்துல வந்து இறங்குனது."

"அவங்க வர்றப்ப வாசக்கதவு தொறந்திருந்துச்சா?"

யோசித்தேன். 'என் தாத்தா முறைப்படி வந்தார், இவர்களும் அப்படி வரட்டுமே' என்பது அமெரிக்க விவாதத்தில் அடிக்கடி கேட்கும் வாதம். அந்த நிழல்கள் கரையேறிய காலத்தில் விசா கிடையாது. வருடத்துக்கு இத்தனை பேர் என்ற உச்சவரம்பு கிடையாது, ஐரோப்பாவுக்கு அது வந்ததே 1921இல்தான். காசில் கார்டனில் பெயரைப் பதிந்துவிட்டு ஊருக்குள் நடந்தார்கள். முறையாக வந்தார்கள் என்பது உண்மைதான். மீறுவதற்கு ஒரு முறையே அன்று இல்லை.

"அப்பக் கதவே இல்ல பெரியம்மா" என்றேன்.

படத்தை மடித்து என் கையில் கொடுத்தார். "ஓ... உள்ள வந்ததுக்கு அப்புறம் வச்சுக்கிட்டாங்களாக்கும்" என்றபடி, காப்பி போட எழுந்து போனார்.

(தொடரும்)